மைதானத்தில் தெரியும் சுபாவம்: பாடசாலை விளையாட்டு வீரர்களின் மனவெழுச்சியும் ஆளுமையும்

கிழக்கு மாகாணப் பாடசாலைகளில் ஆண்டின் முதல் தவணை இல்ல விளையாட்டுப் போட்டிகளின் காலம். மாரி மழை ஓய்ந்து மைதானம் முழுதாகக் காய்வதற்கு முன்பே சுண்ணாம்புக் கோடுகள் விழுந்துவிடும். வகுப்பறைகளில் இருந்த பிள்ளைகள் மூன்று நான்கு நிறங்களாகப் பிரிந்துவிடுவார்கள். அங்கே தொடங்கும் தெரிவு வலயம், மாகாணம், தேசியம் என்று மேலேறும்போது, ஒவ்வொரு மட்டத்திலும் சில மாணவர்கள் தமது வழக்கமான தூரத்தையோ நேரத்தையோ எட்ட முடியாமல் வெளியேறுகிறார்கள். காயமோ காய்ச்சலோ காரணமாக இல்லாதபோது அவர்களைப் பற்றி மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சொல்லப்படும் விளக்கம் பெரும்பாலும் ஒன்றுதான்: "பிள்ளை பயந்த சுபாவம், மனத்தைரியம் காணாது." வென்றவரைப் பற்றிய விளக்கமும் அதே அளவு சுருக்கமானது, அவர் நெஞ்சுறுதி உள்ளவர். சில விநாடிகளில் முடிந்துவிடும் ஓர் ஓட்டத்தை வைத்து ஒரு பிள்ளையின் நிலையான குணத்தை அறிந்துவிட்டதாக எண்ணும் இந்தப் பழக்கம் எவ்வளவு நியாயமானது என்பதை, உளவியல் இதுவரை அறிந்தவற்றைக் கொண்டு பார்ப்பது பயனுள்ளது.

முதலில் மூன்று விடயங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். குழந்தைப் பருவத்திலேயே வெளிப்படும், உடலியல் அடித்தளம் உடைய உணர்ச்சிப் போக்கு சுபாவம். புதியவற்றைக் கண்டால் நெருங்குவதா விலகுவதா, எரிச்சல் எவ்வளவு விரைவாக எழும், எழுந்தது எவ்வளவு நேரத்தில் தணியும் என்பவையெல்லாம் இதில் அடங்கும். அந்தச் சுபாவத்தின் மேல் வீடும் பாடசாலையும் அனுபவமும் சேர்ந்து உருவாக்குவது ஆளுமைப் பண்பு. மூன்றாவது, குறித்த ஒரு வேளையில் ஒருவர் இருக்கும் மனநிலை. பதகளிப்பை, அதாவது மனப்பதற்றத்தைப் பற்றிய ஆய்வில் சாள்ஸ் ஸ்பீல்பேர்கர் 1970 இல் வெளியிட்ட வினாக்கொத்து, நிலையாக உள்ள பதகளிப்புப் பண்பையும் அவ்வேளையில் உணரப்படும் பதகளிப்பு நிலையையும் தனித்தனியே அளந்தது. பண்பளவில் அமைதியான பிள்ளையும் மாகாணப் போட்டியின் தொடக்கக் கோட்டில் நடுங்கலாம். எதற்கும் பதறும் பிள்ளை, தான் நன்றாகப் பழகிய நிகழ்ச்சியில் நிதானமாக இருக்கலாம். மைதானத்தில் நாம் காண்பது மூன்றாவதை. நாம் தீர்ப்பளிப்பதோ முதலாவதைப் பற்றி.

சுபாவத்தைப் பற்றிய நீண்டகால ஆய்வுகளுள் முக்கியமானது, அலெக்சாண்டர் தோமஸும் ஸ்ரெல்லா செஸ்ஸும் 1956 இல் நியூயோர்க்கில் தொடங்கியது. குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அவர்கள், ஏறத்தாழ 40 வீதத்தினரை எளிதில் இசைபவர் என்றும், 10 வீதத்தினரைக் கடினமானவர் என்றும், 15 வீதத்தினரை மெதுவாக இளகுபவர் என்றும் வகைப்படுத்தினார்கள். எஞ்சிய 35 வீதத்தினர் எந்த வகைக்குள்ளும் அடங்கவில்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் வகைகளுக்கு வெளியே நிற்பதை அந்த ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டது, வகைப்படுத்தலில் அவசரப்படும் எவருக்கும் தேவையான எச்சரிக்கை. ஆனால் அவர்களது முக்கியமான முடிவு இந்த எண்களில் இல்லை. ஒரு சுபாவம் தன்னளவில் நல்லதுமன்று, தீயதுமன்று. அது இருக்கும் சூழலோடு பொருந்துகிறதா என்பதே பின்னைய விளைவுகளைத் தீர்மானிக்கிறது என்பதுதான் அவர்கள் கண்டது. மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் ஒரே விதைநெல் மேட்டுக்காணியில் ஒருவிதமாகவும் பள்ளக்காணியில் வேறுவிதமாகவும் விளைவதைப் பார்த்த விவசாயிக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

மெதுவாக இளகும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அவர் தரம் 6 இல் புதிய பாடசாலைக்கு வருகிறார். கரப்பந்தாட்டத் தெரிவு ஒரே மாலையில் நடக்கிறது. நாற்பது பேர் வரிசையில் நிற்க, ஒவ்வொருவருக்கும் சில பந்துகள் மாத்திரம் கிடைக்கின்றன. அவருக்கு மைதானம் பழக, முகங்கள் பழக, ஆசிரியரின் குரல் பழகச் சில வாரங்கள் தேவை. அந்த வாரங்கள் கிடைத்தால் எளிதில் இசையும் பிள்ளைக்குச் சமமாக விளையாடுவார். கிடைக்காததால் அவருடைய கை வளம் யாருக்கும் தெரியாமலே போகிறது. இங்கே சுபாவம் திறமையைக் குறைக்கவில்லை. தெரிவு முறை ஒரு வகைச் சுபாவத்துக்கு மாத்திரம் வசதியாக இருந்திருக்கிறது.

உடலில் வாதம், பித்தம், கபம் பார்க்கும் நமது வைத்திய மரபிலும், நான்கு திரவங்களைக் கொண்டு மனிதரைப் பிரித்த கிரேக்க மரபிலும் குணத்தை உடலோடு இணைக்கும் எண்ணம் பழமையானது. அதைப் பரிசோதனைக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர்களில் இவான் பவ்லோவ் முதன்மையானவர். நாய்களில் அவர் செய்த சோதனைகளிலிருந்து நரம்பு மண்டலத்தின் வலிமை, சமநிலை, இயங்குதிறன் ஆகிய மூன்றையும் அடிப்படையாக்கினார். பின்னர் சோவியத் விளையாட்டு உளவியலாளர்கள் இதையே தமது வீரர்களுக்குப் பயன்படுத்தினார்கள். மேற்கில் ஹான்ஸ் ஐசென்க், அகமுகத்தன்மை (அமைதியையும் தனிமையையும் நாடும் இயல்பு) கொண்டோரின் மூளை இயல்பாகவே கூடுதலாகக் கிளர்ந்திருக்கும் என்றும், புறமுகத்தன்மை (பிறரோடு கலந்து பழக நாடும் இயல்பு) கொண்டோர் அந்தக் கிளர்ச்சியை வெளியில் தேடுவார்கள் என்றும் கருதி, விளையாட்டில் சிறப்போர் புறமுகத்தன்மை உடையோராக இருப்பர் என 1982 இல் வெளியான ஒரு மீளாய்வில் வாதிட்டார். பிற்கால ஆய்வுகள் இதை ஓரளவு ஆதரித்தன, ஓரளவு மறுத்தன. நெடுந்தூர ஓட்டம், நீச்சல் போன்ற தனியாகப் பழகும் விளையாட்டுகளில் அமைதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது எந்தப் பயிற்றுவிப்பாளரும் அறிந்த விடயம்.

இன்று ஆளுமை ஆய்வுகளில் பெரிதும் பயன்படுவது ஐந்து காரணி மாதிரி. புதிய அனுபவங்களுக்குத் திறந்திருத்தல், கடமையுணர்வு, புறமுகத்தன்மை, இணக்கம், உணர்ச்சித் தளம்பல் என்பவையே அந்த ஐந்து. இரட்டையரைக் கொண்டு செய்த ஆய்வுகள், மனிதரிடையே இப்பண்புகளில் காணப்படும் வேறுபாட்டில் 40 முதல் 50 வீதம் வரை மரபு வழியே விளக்கப்படலாம் என்கின்றன. "அப்பனைப் போலத்தான் பிள்ளையும்" என்று இதைச் சுருக்கிவிட முடியாது. அந்த வீதம் ஒரு சனத்தொகையில் காணும் வேறுபாட்டைப் பற்றியது. ஒரு தனிப் பிள்ளையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. மேலும், கட்டிளமைப் பருவத்தின் தொடக்கத்தில் கடமையுணர்வு சற்றுக் குறைந்து பின்னர் வளர்கிறது என்பதும் பல ஆய்வுகளில் தென்பட்டிருக்கிறது. தரம் 8 இல் பயிற்சிக்குப் பிந்தி வரும் மாணவரை "பொறுப்பில்லாதவர்" என்று அணியிலிருந்து நீக்கும்போது, நாம் நீக்குவது ஒரு பண்பையா ஒரு பருவத்தையா என்பதை யோசிக்க வேண்டும்.

விளையாட்டில் ஈடுபடுவோரை ஈடுபடாதோருடன் ஒப்பிடும்போது, சராசரியாக முன்னவரிடம் புறமுகத்தன்மையும் கடமையுணர்வும் சற்றுக் கூடுதலாகவும் உணர்ச்சித் தளம்பல் சற்றுக் குறைவாகவும் காணப்படுகின்றன. இதிலிருந்து விளையாட்டு ஆளுமையை வளர்க்கிறது என்ற முடிவுக்கு வருவது பரிசளிப்பு விழாப் பேச்சுகளுக்குப் பொருத்தமானது, ஆய்வுக்குப் போதாது. அத்தகைய பண்புடையவர்களே விளையாட்டுக்கு வருகிறார்கள், அத்தகையவர்களே அதில் தங்குகிறார்கள் என்றும் அதே தரவை வாசிக்கலாம். இரண்டும் ஓரளவு உண்மையாக இருக்கக்கூடும். எனினும் யார் தங்குகிறார், யார் விலகுகிறார் என்பது ஊருக்கு ஊர் மாறும் கேள்வி.

எமது பகுதியில் அந்தக் கேள்விக்கு விடை பரீட்சைகளில் இருக்கிறது. கடமையுணர்வு மிக்க மாணவர், நேரத்துக்குப் பயிற்சிக்கு வருபவர், சொன்ன பயிற்சியை வீட்டிலும் செய்பவர், தோல்விக்குப் பின் மறுநாளும் வருபவர். பயிற்றுவிப்பாளர் தேடும் பண்பு இதுதான். ஆனால் இதே பண்பு உடையவரைத்தான் பெற்றோரும் பாடசாலையும் உயர்தர கணித, விஞ்ஞானப் பிரிவுகளுக்கு எதிர்பார்க்கின்றனர். தரம் 11 தொடங்கியதும் காலை மாலை ரியூஷன் வகுப்புகள் பயிற்சி நேரத்தை விழுங்குகின்றன, "விளையாட்டு சோறு போடுமா?" என்ற கேள்வி வீட்டில் எழுகிறது. அந்தக் கேள்வியை மிகவும் பொறுப்போடு எடுத்துக்கொள்பவர் கடமையுணர்வுள்ள பிள்ளையே. ஆகவே மைதானத்தை விட்டு முதலில் விலகுபவரும் அவராகவே இருக்கிறார். படிப்புக்கு வெளியே உயர்ந்த அடைவு காட்டியோருக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடு ஒன்று இருந்தும், அது மிகச் சிலருக்கே எட்டுவதால் பெற்றோரின் கணக்கை அது மாற்றுவதில்லை. விளையாட்டில் எஞ்சியிருப்போரைப் பார்த்து "விளையாட்டுக்காரப் பெடியங்கள் படிப்பில் அக்கறை இல்லாதவங்கள்" என்று சொல்லும் ஆசிரியர், தெரிவின் விளைவை விளையாட்டின் விளைவாக எடுத்துக்கொள்கிறார் என்பதே என் எண்ணம்.

பெண் பிள்ளைகளின் விடயத்தில் இந்தச் சல்லடை இன்னும் நுண்ணியது. இல்லப் போட்டிகளில் 12, 14 வயதுப் பிரிவுகளில் நிறையப் பேர் ஓடுகிறார்கள். பருவமடைந்த பின் எண்ணிக்கை குறைகிறது. உடை, வெயில், மாலை நேரப் பயணம், பயிற்றுவிப்பாளர் ஆணா பெண்ணா என்பது, ஊராரின் பேச்சு ஆகிய எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும் ஒரு முடிவு அது. இதைத் தாண்டி வலைப்பந்தாட்ட அணியிலோ மெய்வல்லுநர் அணியிலோ நிற்கும் பதினெட்டு வயதுப் பெண்ணிடம் துணிவும் வெளிப்படையான பேச்சும் காணப்பட்டால், அதை விளையாட்டு வீராங்கனையின் ஆளுமை என்று பதிவுசெய்வது எளிது. அனுமதித்த தாயின் துணிவோ, வாகனத்தில் ஏற்றி இறக்கிய மாமாவின் பொறுமையோ எந்த வினாக்கொத்திலும் அகப்படாது. அமைதியான, கூச்சமுள்ள, ஆனால் வேகமாக ஓடக்கூடிய எத்தனை பிள்ளைகள் அந்த ஆதரவு இல்லாமல் நின்றுபோனார்கள் என்பதும் அங்கே தெரியாது.

ஆளுமைச் சோதனையால் வீரரைத் தெரிவுசெய்யலாம் என்ற நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 1960களில் அமெரிக்காவில் புரூஸ் ஒகில்வி, தோமஸ் டட்கோ ஆகிய இருவரும் விளையாட்டு ஊக்கத்தை அளக்கும் வினாக்கொத்து ஒன்றை உருவாக்கி, அதைக் கழகங்களும் கல்லூரிகளும் பயன்படுத்தும் அளவுக்குப் பரப்பினார்கள். வெற்றிக்கான ஆளுமையை அது காட்டும் என்ற எதிர்பார்ப்பு பெரிதாக இருந்தது. அதைத் தாங்கும் தரவு போதாது என்ற விமர்சனமும் அதே அளவு பலமாக எழுந்தது. வில்லியம் மோர்கன் இந்த விவாதத்தில் நடுவழியொன்றை எடுத்தார். 1971 இல் வெளியான மனநிலை அளவுகோல் ஒன்றைப் பயன்படுத்திய அவர், சிறந்த வீரர்களிடம் இறுக்கம், மனச்சோர்வு, கோபம், களைப்பு, குழப்பம் ஆகிய ஐந்தும் சராசரிக்குக் கீழும் உற்சாகம் மாத்திரம் மேலே உயர்ந்தும் நிற்பதைக் கண்டு, நீருக்கு மேல் ஒரு முனை மாத்திரம் தெரியும் பனிப்பாறையின் பெயரை அந்த வரைபுக்குக் கொடுத்தார். அந்தப் படம் பாடநூல்களில் இன்றும் இருக்கிறது. ஆனால் 1995 இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பகுத்தபோது, கூடுதலாக வென்றோருக்கும் குறைவாக வென்றோருக்கும் இடையிலான வேறுபாட்டில் அந்த வரைபு 1 வீதத்துக்கும் குறைவானதையே விளக்கியது. வீரரின் நலத்தைக் கவனிக்க அது உதவலாம். அணித் தெரிவுக்கு உதவாது.

வினாக்கொத்துகளுக்கு இன்னொரு குறையும் உண்டு. அணியில் இடம் வேண்டி நிற்கும் மாணவரிடம் "நீ எளிதில் பதறுபவனா?" என்று தாளில் கேட்டால், சேர் எதை விரும்புவார் என்று பார்த்தே அவர் விடையளிப்பார். அதில் அவரைக் குறைகூற எதுவுமில்லை.

பண்பைவிட நிலையைப் பற்றிய ஆய்வுகளே பயிற்றுவிப்பாளருக்கு உடனடியாகப் பயன்படுபவை. அவற்றில் சற்று நின்று பார்க்க வேண்டும். 1898 இல் நோர்மன் டிரிப்ளெற் என்பவர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார். தூண்டில் நூலைச் சுற்றும் உருளையைப் பிள்ளைகளிடம் கொடுத்து, தனியாகவும் இன்னொரு பிள்ளையோடு போட்டியாகவும் சுற்றவைத்தார். போட்டி இருந்தால் வேகம் கூடும் என்பதற்குச் சான்றாகவே இந்தச் சோதனை எங்கும் சொல்லப்படுகிறது. ஆனால் அவருடைய அட்டவணையில் இருந்த 40 பிள்ளைகளில் 20 பேர் மாத்திரமே போட்டியால் வேகம் பெற்றனர். 10 பேர் மிகையாகக் கிளர்ந்து தடுமாறி மெதுவாயினர். மற்ற 10 பேரிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. விளையாட்டு உளவியலின் தொடக்கத்திலேயே, ஒரே தூண்டல் பிள்ளைகளை மூன்று விதமாகத் தாக்கியிருக்கிறது. அதன் பிறகும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக, "நல்லா ஏத்திவிட்டால் ஓடுவாங்கள்" என்ற ஒரே மருந்தை எல்லாருக்கும் கொடுத்துவருகிறோம்.

1908 இல் யேர்க்ஸ், டொட்சன் இருவரும் எலிகளில் செய்த சோதனையிலிருந்து, கிளர்ச்சி மிகக் குறைந்தாலும் மிகக் கூடினாலும் செயல்திறன் கெடும், நடுவில் அது உச்சம் பெறும் என்ற கருத்து பரவியது. 1970கள் முதல் சோவியத் வீரர்களோடு பணியாற்றிய யூரி ஹானின் இதைத் திருத்தினார். எல்லாருக்கும் பொதுவான நடுப்புள்ளி என்று ஒன்றில்லை. ஒவ்வொருவருக்கும் தனது உச்சத் திறன் வெளிப்படும் ஒரு வலயம் உண்டு, சிலருக்கு அது மிகுந்த பதகளிப்பிலும் சிலருக்கு மிகக் குறைந்த பதகளிப்பிலும் அமையும் என்றார். பின்னர் பதகளிப்போடு நில்லாமல் கோபம், உற்சாகம், சோர்வு போன்ற உணர்ச்சிகளையும் சேர்த்துக்கொண்டார். கோபம் வந்தால் எறியும் குண்டு இரண்டடி கூடப் போகும் மாணவனும் இருக்கிறான். அதே கோபத்தில் கால் வட்டத்தைத் தாண்டித் தவறாகும் மாணவனும் இருக்கிறான். ஒருவரின் வலயத்தை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் எப்படி உணர்ந்தார், பின் எப்படிச் செய்தார் என்பதை ஒரு பருவகாலம் முழுதும் குறித்துவந்தால் போதும்.

பதகளிப்பு ஒற்றைப் பொருளும் அன்று. ரெயினர் மார்டென்ஸும் சகாக்களும் 1990 இல் வெளியிட்ட அளவுகோல், மனக் கவலையையும் உடல் அறிகுறிகளையும் தன்னம்பிக்கையையும் மூன்றாகப் பிரித்தது. நெஞ்சு படபடப்பதும் கை வியர்ப்பதும் சிறுநீர் கழிக்க ஓடுவதும் போட்டி தொடங்கியதும் பெரும்பாலும் தணிந்துவிடும். "தோற்றால் வீட்டில் என்ன சொல்வார்கள்" என்ற கவலை போட்டி நடக்கும்போதும் கூடவே ஓடும். முன்னதற்கு மெதுவான ஆழ்ந்த மூச்சும் தசைகளைத் தளர்த்தும் பயிற்சியும் உதவும். பின்னதற்கு அவை மாத்திரம் போதா. எமது மைதானங்களில் இரண்டுக்கும் கொடுக்கப்படுவது குளுக்கோசும் "பயப்படாத மகன்" என்ற ஒரு சொல்லுமே.

எந்த விளையாட்டு என்பதும் இங்கே கணக்கில் வரவேண்டும். சர்வதேச விதிப்படி 2010 முதல் குறுந்தூர ஓட்டத்தில் முதற் தவறான தொடக்கத்துக்கே வீரர் நீக்கப்படுகிறார். வெடிச்சத்தத்தின் பின் 0.1 விநாடிக்குள் அசைந்தாலும் அது தவறே. துடிப்பான, உள்ளுந்துதலுக்கு உடனே இடங்கொடுக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு கணக் காத்திருப்பு எவ்வளவு கடினம் என்பதைத் தொடக்குநர்கள் அறிவார்கள். வலைப்பந்தாட்டத்தில் பந்து கைக்கு வந்த பின் எறிய 3 விநாடிகளே உண்டு. எய்பவர் தன்னைத் தடுக்கும் எதிரணியினரின் கைகளையும் பார்வையாளரின் கூச்சலையும் அந்த 3 விநாடிகளுக்கு மறந்தாக வேண்டும். அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்களில், குறிப்பாக நிந்தவூர்ப் பக்கத்தில் செல்வாக்குள்ள கபடியில், பாடிச் செல்பவர் 30 விநாடிகளுக்குள் ஏழு பேரைத் தனியே எதிர்கொள்கிறார்; பிடிப்பவர்களோ ஒருவர் அவசரப்பட்டாலும் சங்கிலி அறுந்துவிடும் நிலையில் நிற்கிறார்கள். ஒரே அணிக்குள்ளேயே இரு வேறு சுபாவங்களைக் கேட்கும் விளையாட்டு அது. அணியில் "அடங்காதவன்" என்று பெயரெடுத்தவர் நல்ல பாடுபவராகவும், "வாய் திறக்காதவன்" நல்ல மூலைக்காவலராகவும் இருப்பதில் வியப்பில்லை.

பார்வையாளரின் தாக்கம் பற்றி ரொபேர்ட் சையோன்க் 1965 இல் தந்த விளக்கமும் எமது நிலைமைக்கு நேரடியாகப் பொருந்துகிறது. பிறர் முன்னிலை, ஒருவரிடம் ஏற்கெனவே ஊறியிருக்கும் பழக்கத்தை மேலும் வலுவாக வெளிக்கொணர்கிறது. நன்றாகக் கற்றது இன்னும் நன்றாக வரும், அரைகுறையாகக் கற்றது இன்னும் மோசமாக வரும் என்பதே அது. மாகாணப் போட்டிக்கு இரண்டு வாரங்களுக்கு முன் கோலூன்றிப் பாய்தலைத் தொடங்கிய மாணவி, பாண்ட் வாத்தியமும் ஒலிபெருக்கியும் முழங்கும் மைதானத்தில் தடுமாறும்போது, அங்கே வெளிப்படுவது அவருடைய பயந்த சுபாவமா, பயிற்சியின் குறைவா? மெத்தையும் கோலும் இல்லாத பாடசாலைகள் இந்தக் கேள்வியைத் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சுபாவத்தின் மேல் குற்றஞ்சுமத்துமுன் பார்க்க வேண்டிய சாதாரண விடயங்கள் வேறும் உண்டு. மே முதல் ஆகஸ்ட் வரை கச்சான் காற்று வீசும் மாதங்களில், நண்பகலுக்குப் பின் நடக்கும் போட்டியில், காலை உணவு இல்லாமல் வந்த பிள்ளை எரிந்துவிழுவது முன்கோபத்தால் அன்று. உடல் எடையில் 2 வீதமளவு நீர் குறைந்தாலே நீடித்த உழைப்புத் திறன் பாதிக்கப்படலாம். மனநிலையும் அதோடு சரியும். கட்டிளமைப் பருவத்தினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியால உறக்கம் வேண்டும். இரவு வகுப்பு முடித்து அதிகாலையில் மீண்டும் எழும் உயர்தர மாணவருக்கு அது கிடைப்பதில்லை.

வயதுப் பிரிவும் ஏமாற்றும். ரொஜர் பார்ன்ஸ்லியும் சகாக்களும் 1985 இல் கனடிய ஐஸ் ஹொக்கி வீரர்களின் பிறந்த மாதங்களைப் பார்த்தபோது, வயதெல்லைத் திகதிக்குப் பின் உடனடியாக வந்த மாதங்களில் பிறந்தோர் மிகையாக இருப்பதைக் கண்டார்கள். ஒரே பிரிவில் பதினொரு மாத மூப்பு உயரத்திலும் பலத்திலும் தெரியும். வெற்றி முதலில் அவர்களுக்கே கிடைக்கும். வெற்றி தன்னம்பிக்கையைத் தரும். அந்தத் தன்னம்பிக்கையைப் பார்த்துத்தான் "இயல்பிலேயே தலைமைத்துவம் உள்ள பிள்ளை" என்று சொல்லி அணித்தலைமையைக் கொடுக்கிறோம். ஆண்டின் கடைசியில் பிறந்த, மெதுவாக வளரும் பிள்ளையின் ஒதுக்கம் அப்படியே அவருடைய ஆளுமையாகப் பதிவாகிறது. இரண்டு ஆண்டுகளில் உயரம் சமப்படும். அதற்குள் பலர் விலகியிருப்பார்கள்.

பயிற்றுவிப்பாளரின் நடத்தைதான் பெரும்பாலான சுபாவங்களுக்கு அமையும் சூழல். ரொனால்ட் சிமித், பிராங் சிமோல் ஆகியோர் 1970களில் சிறுவர் பேஸ்போல் அணிகளில் நடத்திய ஆய்வுகளில், ஊக்கமும் தெளிவான திருத்தமும் தரும்படி பயிற்றப்பட்டவர்களின் கீழ் விளையாடிய பிள்ளைகள் விளையாட்டைக் கூடுதலாக விரும்பினார்கள். வெற்றி தோல்விக் கணக்கில் பெரிய மாற்றம் இல்லை. கூடுதலான பயன் பெற்றவர்கள் தம்மைக் குறித்துத் தாழ்வாக எண்ணியிருந்த பிள்ளைகளே. தன்னம்பிக்கை மிக்க பிள்ளை எந்தக் குரலையும் தாங்கிக்கொள்ளும். குரலின் வேறுபாடு மற்றப் பிள்ளையிடம்தான் தெரியும். போரையும் 2004 ஆம் ஆண்டின் சுனாமியையும் கடந்துவந்த பெற்றோர், மத்திய கிழக்குக்குப் போன தாய், பாட்டியிடம் வளர்வது என்று பல சுமைகளோடு மைதானத்துக்கு வரும் பிள்ளைகள் இங்கே குறைவில்லை. வீட்டிலும் உரத்த குரல், மைதானத்திலும் உரத்த குரல் என்றால் அவர்களில் சிலர் உறைந்துபோவார்கள். அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டால் குரல் மேலும் உயரும்.

மட்டக்களப்பின் விளையாட்டு மரபில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவியான அருட்தந்தை ஹரோல்ட் வெபரின் பெயரில்தான் நகரின் வெபர் மைதானம் இருக்கிறது. புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்தாட்டம் அவரைப் போன்றோரின் நீண்டகால உழைப்பால் வளர்ந்தது. அதே மரபில் மாணவர்க்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றுவித்த அருட்தந்தை இயூஜின் ஹெபேர்ட் 1990 ஆகஸ்டில் காணாமற்போனார். இவர்களிடம் ஆளுமை வினாக்கொத்து எதுவும் இருந்திருக்க நியாயமில்லை. ஒரே ஊரில் ஒரே பாடசாலையோடு ஆண்டுக்கணக்காக ஒன்றியிருந்த வாழ்க்கை இருந்தது. பிள்ளையைப் பல பருவங்களில் பார்க்கும் ஒருவருக்கு நிலை எது, பண்பு எது என்பது தானே பிரிந்து தெரியும். மூன்று நான்கு ஆண்டுகளில் இடமாற்றம் பெறும் இன்றைய உடற்கல்வி ஆசிரியருக்கு அந்த வசதி இல்லை.

உணர்ச்சியைக் கையாளும் முறைகளைப் பொறுத்தவரை, 1998 முதல் ஜேம்ஸ் குரொஸ் செய்த ஆய்வுகள் இரண்டு வழிகளை வேறுபடுத்தின. நிகழ்வை வேறு கோணத்தில் எடுத்துக்கொண்டு உணர்ச்சியை மாற்றுவது ஒன்று. எழுந்த உணர்ச்சியை வெளியே காட்டாமல் அடக்குவது மற்றொன்று. அடக்குபவரின் முகம் அமைதியாக இருக்கும். உள்ளே உடலின் கிளர்ச்சி குறையாது, நினைவாற்றலும் சற்றுப் பாதிக்கப்படும். தோற்ற ஆண் பிள்ளையிடம் "பொம்பிளைப் பிள்ளை மாதிரி அழாத" என்று சொல்லும் இடங்களில் கற்பிக்கப்படுவது இரண்டாவது வழி. அலிசன் புரூக்ஸ் 2014 இல் வெளியிட்ட சோதனைகளில், பதறியிருந்தவர்களிடம் அமைதியடையச் சொல்வதைவிட, தாம் உற்சாகமாக இருப்பதாகச் சொல்லிக்கொள்ளவைத்தது கூடுதலான பலனைத் தந்தது. பாடுதல், பேசுதல், கணிதம் ஆகியவற்றில் செய்த சோதனைகள் அவை. எனினும் படபடக்கும் நெஞ்சை உடனே அடக்குவது கடினம், அதற்கு வேறு அர்த்தம் கொடுப்பது எளிது என்ற தர்க்கம் தொடக்கக் கோட்டிலும் செல்லுபடியாகும்.

இவ்வளவையும் பாடசாலையில் செயற்படுத்த முனைந்தால் வரும் நடைமுறைக் கேள்வி, பிள்ளையின் சுபாவத்தைப் பற்றிய குறிப்புகளை யார் வைத்திருப்பது என்பது. உடற்கல்வி ஆசிரியரும் உளவளத்துணை ஆசிரியரும் ஒரே ஓய்வறையில் இருந்தும் ஒரு மாணவரைப் பற்றிச் சேர்ந்து பேசும் பாடசாலைகள் குறைவு. ஆசிரியர் இடமாற்றம் பெறும்போது நேரங்களும் தூரங்களும் பதிவேட்டில் எஞ்சுகின்றன. இந்தப் பிள்ளைக்குப் போட்டிக்கு முன் தனிமை வேண்டும், அந்தப் பிள்ளைக்குப் பேச்சுத்துணை வேண்டும் என்ற அறிவு அவரோடு போய்விடுகிறது. அதை எழுதிவைப்பது நல்லது. எழுதுவதைப் பிள்ளையே எழுதுவது இன்னும் நல்லது. போட்டிக்கு முன் இரு வரி, பின் இரு வரி என்று பயிற்சிக் கொப்பியில் அவர் எழுதுவதை அடுத்து வரும் ஆசிரியர் அவருடைய சம்மதத்தோடு வாசிக்கலாம். ஆனால் அந்தக் கொப்பி அணித் தெரிவுக் குழுவின் மேசைக்குப் போகக்கூடாது. போகும் என்று தெரிந்த நாளிலிருந்து பிள்ளை அதில் தன் பயத்தை எழுதாது. தெரிவாளர்களின் கையில் கிடைப்பது, 1960களின் வினாக்கொத்துகளில் கிடைத்ததைப் போல, அவர்கள் கேட்க விரும்பிய விடைகள் மாத்திரமாகவே இருக்கும்.